யாராவது சொல்லியிருப்பார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பகுதியில் தன்னார்வலர்கள் நடத்தும் சமூக வானொலி ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகக் கேட்கிறேன். விளம்பரத் தொல்லை இல்லை. புதன்கிழமை இரவு ஒருவர் பழைய இசைத்தட்டுகளைப் போட்டுப் பேசுவார். அதைத் தவறவிடுவதே இல்லை. சென்ற வாரம் அவர்கள் நிதி திரட்டினார்கள். அரை மணிக்கு ஒருமுறை பணம் கேட்டது எரிச்சலாக இருந்தது. தொகுப்பாளர்களில் பலருக்கு இன்னும் சரளமாகப் பேச வரவில்லை. தடுமாறுகிறார்கள், தவறான பாடலைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். கொஞ்சம் தொழில்நேர்த்தி இருந்தால் பணம் தானாக வரும் அல்லவா? கையில் இருக்கும் போனிலேயே உலகத்து இசையெல்லாம் கிடைக்கும்போது இவர்களுக்குப் பணம் கொடுப்பதில் பொருள் இருக்கிறதா? கொடுப்பதானால் மொத்தமாகவா, மாதாமாதமா? புதன்கிழமைக்காரருக்கு ஏதாவது பரிசு வாங்கி அனுப்பலாம் என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, எரிச்சலைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் ‘தவறவிடுவதே இல்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது கண்ணில் பட்டது. வாரம் ஒன்று, நான்கு ஆண்டு என்றால் ஏறக்குறைய இருநூறு இரவுகள். இருநூறு இரவுகள் ஒரு குரலுக்காகக் காத்திருந்தவரை வெறுமனே கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. கொஞ்ச நாட்களாகவே நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். மாதாமாதம் கொடுங்கள். வாடகை, மின்கட்டணம், உரிமக் கட்டணம், ஒலிபரப்பும் இசைக்குக் கட்ட வேண்டிய உரிமைத்தொகை எல்லாம் தவறாமல் வந்து நிற்பவை. வரவும் அப்படியே வந்தால்தான் அடுத்த ஆண்டைப் பற்றி யோசிக்க முடியும். எவ்வளவு என்பது உங்கள் வசதி. பரிசு வேண்டாம். போனில் எல்லாம் கிடைக்கிறதே என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எல்லாம் கிடைக்கும் போனை வைத்துக்கொண்டு புதன்கிழமை இரவு ஏன் வானொலிப் பக்கம் போகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தொழில்நேர்த்தி என்ற சொல்லை மட்டும் என்னால் அப்படித் தாண்டிப் போக முடியாது. பகல் முழுவதும் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர் அந்தத் தொகுப்பாளர். அந்த ஒரு மணி நேரத்துக்காக வீட்டில் நான்கைந்து மணி நேரம் செலவழித்துப் பாடல்களைத் தேடி, கேட்டு, கழித்து, வரிசைப்படுத்தி, குறிப்பெழுதிக்கொண்டு வருகிறார். ஸ்டூடியோவில் மைக்கைத் திறப்பது அவர். அடுத்த இசைத்தட்டை எடுத்து வைப்பது அவர். ஒலி அளவைப் பார்ப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, என்னென்ன ஒலித்தது என்று பதிவேட்டில் எழுதுவது, எல்லாம் அவரே. அடுத்த நிகழ்ச்சிக்காரர் வந்து சேரவில்லை என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் முடியாது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சொல் தடுமாறியது என்றால், அந்தக் கணத்தில் அவர் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார் என்று பொருள். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறவருக்குத் தேட என்ன இருக்கிறது? தவறான பாடலைப் போட்டவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரே, வேறு எந்த ஊடகம் உங்களிடம் கடைசியாக மன்னிப்புக் கேட்டது?

கேட்பவர்கள் கொடுக்கும் பணத்திலேயே வானொலி நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் லூயிஸ் ஹில். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். வணிக வானொலியில் அறிவிப்பாளர் தான் நம்பாத வாசகத்தையும் மனதார நம்புகிறவரின் குரலில் வாசிக்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. நீங்கள் கேட்கும் நேர்த்தி பெரும்பாலும் அந்தக் குரல்தான். 1949 ஏப்ரல் 15 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் அவரும் நண்பர்களும் கே.பி.எஃப்.ஏ. நிலையத்தைத் தொடங்கினார்கள். கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் சந்தா கட்டினால் நிலையம் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் போட்ட கணக்கு. 1950 ஆகஸ்ட்டில் பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடிப் பணம் திரட்டினார்கள். 1951 மே மாதம் மறுபடியும் ஒலிக்கத் தொடங்கிய நிலையம் இன்றும் ஒலிக்கிறது.

நூற்றுக்கு இரண்டு பேர், ர. மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் ஒன்றும் கொடுக்காமலே கேட்கலாம். யாரும் அவர்களை வெளியே அனுப்பப்போவதில்லை. வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் வைக்காத அரங்கு அது. அரை மணிக்கு ஒருமுறை அவர்கள் கூப்பிட்டது அந்த இரண்டு பேரைத்தான். கூட்டத்துக்கு நடுவில் கூச்சத்தை விட்டுக் கையேந்திய அந்தத் தொகுப்பாளருக்கு அதிலிருந்து ஒரு காசுகூடச் சேராது என்பதை நினைத்துப் பார்த்தீர்களா? பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து தங்கள் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்தே வானொலி நிலையங்களை நடத்தினார்கள். 1980 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அந்த நிலையங்கள் ஒன்றோடொன்று கைகோத்து, படைகள் வந்து வாயை அடைக்கும்வரை நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தன. ‘பணம் கொடுப்பதில் பொருள் இருக்கிறதா’ என்ற உங்கள் வாக்கியத்தை அவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஆனால் பணத்தைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் குடைந்துகொண்டிருப்பது வேறு. இந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது அந்த நிலையத்துக்கு ஒரு வரி எழுதினீர்களா? எழுதியிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பீர்கள். முன்பின் பார்த்திராத எனக்கு ஒரு பக்கம் எழுத உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்கு எழுதத் தோன்றவில்லை. அவருடைய பெயரே கடிதத்தில் இல்லை. இருநூறு முறையாவது அவர் அதைச் சொல்லியிருப்பார். உங்களுக்கு அவர் புதன்கிழமைக்காரர்.

வானொலியைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கேட்பதால் அங்கே எதுவும் நிகழ்வதில்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புக் கருவி இழுக்கும் மின்சாரம் ஒன்றுதான். அலை புறப்பட்டுப் போகிறது; எந்தச் சுவரைத் தாண்டியது, எந்த ஏரியலில் பட்டது, யார் காதில் விழுந்தது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. மேடையில் பாடுகிறவருக்கு எதிரே முகங்கள் இருக்கின்றன. கொட்டாவி விட்டாலும் அது ஒரு பதில்தான். இங்கே என் பக்கத்தை இன்று எத்தனை பேர் திறந்தார்கள் என்று எனக்கு எண் காட்டுகிறது. இணையத்தின் வழியாகவும் ஒலிபரப்பும் நிலையங்களுக்கு அந்தப் பக்கத்து எண்ணிக்கையாவது தெரியும். பண்பலையில் பேசுகிறவருக்கு அதுவும் கிடையாது. இந்தியாவில் சமூக வானொலிக்கு அனுமதிக்கப்படும் திறனின் வழக்கமான வரம்பு 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் கணக்கு. ஒரு பல்பை எரியவிட்டுவிட்டு, அந்த வெளிச்சத்தில் யாராவது படிக்கிறார்களா என்று தெரியாமலே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

ஒரு காலத்தில் ஒன்றரை ஆண்டு நானும் ஒரு சமூக வானொலி நிலையத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் அறையில் இருக்கும் ஒரே ஓசை ஹெட்போனுக்குள் திரும்பி வரும் உங்கள் சொந்தக் குரல். ஒரு பாடலை அறிமுகப்படுத்துவீர்கள். ஒலி அளவு காட்டும் முள் ஆடும். பாடல் முடியும்வரை மேசையில் இருக்கும் தொலைபேசியைப் பார்ப்பீர்கள். அது அடிக்காது. அடுத்த பாடலை அறிமுகப்படுத்துவீர்கள். மூன்று மாதம் இப்படிப் போனால் உள்ளே ஒரு சந்தேகம் ஊறத் தொடங்கும்: ஒலிபரப்பு ஏதாவது பழுதாகி, நான் இந்த நான்கு சுவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேனோ? ஒருநாள் பாடலை ஓடவிட்டுவிட்டு வாசலில் நின்றிருந்த வண்டிவரை ஓடிப்போய் அதிலிருந்த வானொலியைப் போட்டுப் பார்த்தேன். ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்டபடி அங்கேயே நிற்க வேண்டும் போலிருந்தது. பாடல் முடியப்போகிறது என்று திரும்ப ஓடினேன்.

இனி நான் முதலில் சொன்ன காரணம்.

அந்த நிலையத்தில் சேருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நான் அதன் நேயர். ஞாயிறு அதிகாலையில் ஓர் அம்மா நிகழ்ச்சி செய்வார். குரல் அவ்வளவு நன்றாக இருக்காது, இடையிடையே இருமுவார். ஆனால் ஒரு பாடலைப் போட்டால் பாடியவர் பெயரோடு நிறுத்தமாட்டார். பின்னால் வாசித்தவர்களின் பெயர்களை எங்கிருந்தெல்லாமோ தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்தப் பெயர்களைச் சொல்லும்போது மட்டும் அவருடைய வேகம் குறையும். இசையைப் பின்னாலிருந்து கேட்க நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். இன்றைக்கும் ஒரு பாடலில் என் காது முதலில் போவது வயலினிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடல் முடிந்ததும் சொன்னார்: ‘இதில் வயலின் வாசித்தவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்களிடம் இருக்கும் தட்டுக்கு உறை தொலைந்துவிட்டது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.’ நிலையத்தின் தொலைபேசி எண்ணை இரண்டு முறை நிதானமாகச் சொன்னார். எனக்குத் தெரியும், ர. என் வீட்டில் அதே இசைத்தட்டு உறையோடு இருந்தது. எழுந்துபோய் எடுத்துப் பெயரைப் படித்தேன். திரும்ப அலமாரியில் வைத்தேன். இத்தனை பேர் கேட்கிறார்கள், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் கேட்டார். மூன்றாவது வாரமும் அதே பாடலைப் போட்டுவிட்டுக் கேட்டார். நான் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சொல்லிவிட்டார்கள்போல என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த ஆண்டு அந்த நேரத்தில் வேறு நிகழ்ச்சி வந்தது.

நான் நிலையத்தில் சேர்ந்தபோது, பின்னறையில் இசைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவரின் இருமலை வைத்து அவரை அடையாளம் கண்டேன். மைக்கை விட்டுவிட்டார்; நிலையத்தை விடவில்லை. வாரம் இரண்டு நாள் வந்து தட்டுகளைத் துடைத்து அட்டை எழுதிவைத்துவிட்டுப் போவார். ஆறு ஆண்டுகள் ஒரு ஞாயிறும் விடாமல் அவருடைய நிகழ்ச்சியைக் கேட்டேன் என்று பரவசமாகச் சொன்னேன். அவர் மகிழ்ச்சியடைவார் என்று நினைத்தேன். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

‘நான் ஏன் நிறுத்தினேன் தெரியுமா?’ என்றார். ‘அந்த நேரத்துக்கு ஆள் இல்லை என்று நானாகவே போய்ச் சொன்னேன். வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று விட்டுக் கொடுத்தேன். நீங்கள் இருந்தீர்களா?’

அந்த வயலின்காரரின் பெயரையும் அன்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அட்டைப் பெட்டியைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி ஓர் அட்டையை எடுத்தார். பாடகர், மிருதங்கம், தம்புரா எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. வயலின் என்று எழுதி எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதை ரப்பரால் அழித்துவிட்டுப் பெயரை மையால் எழுதினார். எழுத்துச் சரியா என்று என்னிடம் காட்டிக் கேட்டார். சரி என்றேன். அட்டையை அதன் இடத்தில் வைத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டார்.

சென்ற மாதம் அவர் காலமாகிவிட்டார். நிலையத்தில் ஒரு மணி நேரம் அவரை நினைவுகூர்ந்தார்கள். தொலைபேசி ஓயவில்லையாம். அந்த அதிகாலைகளைக் கேட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டுப் பேசினார்களாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நன்றி என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். அது எல்லோருக்கும் எல்லோரும் எழுதுவது. எந்த இரவு, எந்தப் பாடல், அதற்கு முன் அவர் என்ன சொன்னார், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். அவர் தவறான தட்டைப் போட்ட இரவு நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். அன்றும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவருக்குத் தெரியட்டும். மேலே அவருடைய பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால் இந்தப் புதன்கிழமை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் சொல்வார், குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிவதற்குள் தொலைபேசியில் கூப்பிட முடிந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்.