தம்பி படுத்தே கிடக்கிறான், மருந்தை நிறுத்தலாமா?

இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: "தம்பிக்கு மனச்சிதைவு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் பகலெல்லாம் லயத்து வீட்டில் படுத்தே கிடக்கிறான், குளிப்பதுகூட இல்லை. மருந்தை நிறுத்திக் கல்யாணம் கட்டி வை என்கிறார்கள்."

நிறுத்தாதீர்கள். கல்யாணமும் இப்போது வேண்டாம்.

குரல், சந்தேகம் இவற்றை மருந்து பெரும்பாலும் அடக்கிவிடும். ஆனால் எதிலும் மனம் ஒட்டாமல், பேச்சுக் குறைந்து முடங்கிக் கிடப்பதும் அதே நோய்தான், அதற்கு மருந்து அவ்வளவாகக் கைகொடுக்காது. சோம்பேறி என்று ஏசாதீர்கள். எந்நேரமும் குத்திப் பேசும் வீட்டில் நோய் திரும்புவது அதிகம். தூக்கம் மாத்திரையாலும் வரலாம், இரவில் மட்டும் கொடுக்கலாமா, அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் கூலி வேலைக்கு, இப்போதே அனுப்ப வேண்டாம். காலையில் பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வரட்டும், அப்புறம் மரக்கறிப் பாத்தியில் கொஞ்சம் புல் பிடுங்கட்டும். அது பழகிய பிறகு அடுத்தது.

இனி, வீடு தேடி வருகிறவர்கள். "செய்வினை, மாத்திரையை விட்டால்தான் என் மந்திரக் கட்டு வேலை செய்யும்" என்பவரை வாசலோடு அனுப்புங்கள். கோயிலுக்குப் போங்கள், பூசை வையுங்கள், நான் தடுக்கவில்லை, மாத்திரையை விழுங்கிவிட்டுப் போங்கள். மாத்திரையை விட்டதும் சில வாரம் ஆள் சுறுசுறுப்பாகத்தான் இருப்பார், அந்த நல்ல பெயரைப் பூசாரி வாங்கிக்கொள்வார், குரல் திரும்பி வரும்போது காசும் இருக்காது, அவரும் இருக்கமாட்டார். நோயை மறைத்துப் பெண் பார்க்கும் தரகரும் அதே ரகம். அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம்.

ஒன்றை மட்டும் நன்றாகக் கேளுங்கள். மாத்திரையின் பெயர் குளோசபினா? அப்படியானால் கதை வேறு. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவைத் திரும்பத் தொடங்கக் கூடாது, பிரஷர் சட்டென்று விழும். டாக்டர் குறைந்த அளவிலிருந்துதான் ஏற்றுவார். காய்ச்சல், தொண்டை வலி வந்தால் பெனடோல் போட்டுப் படுக்க வைக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைத் தவணையைத் தவறவிடாதீர்கள். வயிறு இறுகி மலம் போகாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போனால் உங்களுக்கு ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், உள்ளே டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான். எத்தனை வருடமாகச் சொல்கிறோம், மொழிபெயர்க்க ஓர் ஆளைப் போட்டால் என்ன? சரி, அதுவரை தூக்கம், சாப்பாடு, விட்டுப்போன மாத்திரை எல்லாவற்றையும் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். சாகப்போகிறேன் என்று பேசினால் தவணை வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.