எரிபொருள் அழுத்த உணரி பழுதானால் நிற்கும் கார் ஏன் குலுங்குகிறது?

எஞ்சினுக்கு வரும் பெற்றோலின் அழுத்தத்தை அளந்து காரின் கணினிக்குச் சொல்லும் சிறு கருவிதான் எரிபொருள் அழுத்த உணரி. எல்லாக் கார்களிலும் இது இல்லை. இருக்கும் கார்களில், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி இந்த அளவையும் வைத்துத் தீர்மானிக்கிறது.

நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். தாங்கி நிறைந்திருக்கும்போது, "தண்ணீர் குறைந்துவிட்டது" என்று யாராவது தவறாகச் சொன்னால் குழாயை நெடுநேரம் திறந்து வைப்போம், வாளி வழிந்துவிடும். உணரி பிழையாகச் சொன்னாலும் அப்படித்தான், பெற்றோல் மிகும் அல்லது போதாமல் போகும். நிற்கும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முதல் 800 சுற்றுகளே சுழல்கிறது. அப்போது தேவைப்படும் பெற்றோல் மிகச் சிறிதளவு என்பதால் சிறு பிழையும் குலுக்கலாகத் தெரிகிறது. கண்டி வீதியில் வேகமெடுத்ததும் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

கராஜில், கார்க் கணினியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் பி0190 (P0190) முதல் பி0193 வரையான குறியீடு ஒன்றைக் காட்டினால், முதலில் உணரியின் வயர் இணைப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரையோரத்தில் உப்புக்காற்று படும் கார்களில், ஊசிமுனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கக்கூடும். அடுத்து, வயரில் 5 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். கடைசியாக, ஸ்கேனர் காட்டும் அழுத்தத்தை உண்மையான அழுத்தமானியோடு ஒப்பிட வேண்டும். எரிபொருள் குழாயை நீங்களாகக் கழற்றாதீர்கள். சில எஞ்சின்களில் அழுத்தம் மிகக் கடுமையானது.

குறியீட்டில் உணரியின் பெயர் வந்தால் உணரிதான் பழுது என்று பலர் எண்ணுகிறார்கள். அறுந்த வயரும் அதே குறியீட்டைத் தரும்.