தன்னார்வலர்களே நடத்தும் சிறு அருங்காட்சியகத்தில் லெனாபே ஒப்பந்த ஆவணங்களை எப்படிப் பாதுகாப்பது, எப்படிக் காட்சிக்கு வைப்பது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா, நியூஜெர்சி பக்கத்தை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டெலவேர் ஆற்றின் இரு கரைகளும் லெனாபே என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பாதுகாப்பைப் பற்றிப் பேசும் முன், கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுங்கள்.

"வில்லியம் பென் (பென்சில்வேனியாவை நிறுவிய ஆங்கிலேயர்) செய்த ஒப்பந்தம்" என்று யாராவது ஒரு தாளைக் கொடுத்தால் அந்தப் பெயரில் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். 1682-ல் ஷாக்கமாக்சனில் எல்ம் மரத்தடியில் நடந்ததாகச் சொல்லப்படும் உடன்படிக்கைக்கு எழுத்துப் பிரதி எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற பெஞ்சமின் வெஸ்ட் ஓவியம் 1771–72-ல் வரைந்தது. 38 வயதுக்காரரான பென்னை அதில் தொப்பை விழுந்த பெரியவராக ஆக்கிவிட்டார். அந்த எல்ம் 1810-ல் புயலில் சாய்ந்தது. அதன் கட்டையில் செய்தது என்று பெட்டியும் நாற்காலியும் வந்துகொண்டேதான் இருக்கும். மரத்தின் வெட்டுமுகத்தை 10 மடங்கு லென்சில் பார்த்தால், எல்ம் என்றால் அலையலையான துளைவரிசை தெரியும். எந்த எல்ம் என்பதை லென்ஸ் சொல்லாது. அது எப்படிக் கைமாறி வந்தது என்று சொல்லும் குடும்பக் காகிதம் இருந்தால்தான் உண்டு.

உண்மையில் மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பங்கு கிரயப் பத்திரங்கள். பென் வந்து இறங்கும் முன்பே, 1682 ஜூலை 15-ல், அவருடைய உறவினர் வில்லியம் மார்க்கம் நிலம் வாங்கிய பத்திரத்தில் 350 பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) வாம்பம் என்ற சிப்பிமணிச் சரம், 20 வெள்ளைக் கம்பளி, 20 துப்பாக்கி, 40 கோடாரி என்று பட்டியல் நீள்கிறது. இப்படி ஒன்றின் நகல் கிடைத்தால் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மாட்டுங்கள். மற்றதைத் தாண்டிப் போகிறவர்கூட அங்கே நிற்பார்.

தேதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1752 வரை ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. குவேக்கர்கள் (பென் சேர்ந்திருந்த கிறிஸ்தவப் பிரிவினர்) மாதங்களை எண்ணால் குறிப்பார்கள். மார்ச்தான் 1-ஆம் மாதம். ஆகவே "4-ஆம் மாதம்" ஜூன், ஏப்ரல் அல்ல. "11-ஆம் மாதம் 1682" நம் கணக்கில் 1683 ஜனவரி. பத்திரத்தில் உள்ளதையும் நம் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தாமனெந்து, தாமனென், தாமனி மூன்றும் ஒரே தலைவர். ஒன்றைச் "சரி" என்று வைத்து மற்றதை அழிக்காதீர்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

பத்திரம் பெரும்பாலும் பார்ச்மென்ட்: சுண்ணாம்பில் ஊறவைத்து, இழுத்துக் கட்டிக் காயவைத்த ஆட்டுத்தோல். ஈரப்பதம் ஏறி இறங்கினால் தோலும் விரிந்து சுருங்கும்; மேலிருக்கும் மை கூடவே வளையாமல் செதிலாக உதிரும். (மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது, நம்மூர் நாட்டு மருந்துக்கடைச் சரக்குதான்.) ஈரப்பதத்தை 40–50 சதவீதத்துக்குள் ஆடாமல் வைத்திருங்கள். நெளிவை எடுக்க இஸ்திரி போடவே கூடாது: சூட்டில் சுருங்கிய தோல் மீளாது, மெழுகு முத்திரையும் போய்விடும். லேமினேஷன், செலோடேப் பக்கமும் போகாதீர்கள். முத்திரை நசுங்காமல் இருக்க, அமிலமில்லா அட்டையில் அதன் கனத்துக்குக் குழி வெட்டிப் பத்திரத்தைக் கிடையாக வையுங்கள். வெள்ளைக் கையுறை தொலைக்காட்சிக்கு அழகு. விரல் உணர்வு மழுங்கி ஓரம் கிழியும். கழுவித் துடைத்த கை போதும். காட்சிக்கு நகலையே வையுங்கள். மூலத்தை வைத்தே தீர வேண்டுமென்றால் 50 லக்ஸ் வெளிச்சம், சில மாதங்கள், பிறகு இருட்டு.

வாம்பத்துக்கு எமன் ஓக் அலமாரி. வெள்ளை மணி சங்கு வகையிலிருந்தும் ஊதா மணி குவாஹாக் மட்டியிலிருந்தும் வருவது; இரண்டும் சுண்ணாம்பு. மரத்திலிருந்து கசியும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவி அதை அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கவைக்கும். பூஞ்சை என்று துடைப்பார்கள். பெட்டியை மாற்றாதவரை மறுபடி பூக்கும். பவுடர் பூச்சு போட்ட இரும்பு அலமாரிக்கு மாற்றுங்கள்.

ஒரு சுவருக்குத்தான் இடம் என்றால் என் தேர்வு 1737-ஆம் ஆண்டின் "நடைக் கிரயம்". ஒன்றரை நாளில் ஒருவர் நடக்கும் தூரம்வரை நிலம் தங்களுக்கு என்று 1686-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றைக் காட்டி, பென்னின் மகன்கள் தரப்பு பாதையை முன்கூட்டியே வெட்டிச் சீர்செய்து, வேகமானவர்கள் மூவரை ரைட்ஸ்டவுனிலிருந்து கிளப்பியது. எட்வர்ட் மார்ஷல் மட்டுமே கடைசிவரை போய்ச் சேர்ந்தார். அதைவிடப் பெரிய வேலை அதன் பிறகு: அவர் நின்ற இடத்திலிருந்து ஆற்றுக்குக் குறுக்கு வழியில் கோடு போடாமல், செங்கோணத்தில் திருப்பி லாக்கவாக்சன் பக்கம்வரை இழுத்து நிலத்தைப் பெருக்கிக்கொண்டார்கள். வரைபடத்தில் இரண்டு கோட்டையும் இரண்டு நிறத்தில் காட்டுங்கள். பக்கம் பக்கமாக விளக்கம் தேவைப்படாது.

வாம்பமோ கல்லறைப் பொருளோ இருந்து, மத்திய அரசுப் பணம் ஒரு டாலர் வாங்கியிருந்தாலும் 1990-ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் கல்லறை, புனிதப் பொருள் மீட்புச் சட்டம் (NAGPRA) உங்களுக்கும் பொருந்தும். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அச்சட்டத்துக்கு உட்பட்ட பொருளைக் காட்சிக்கு வைக்கவே உரிய பூர்வகுடியின் முன்ஒப்புதல் வேண்டும். மத்திய அங்கீகாரம் பெற்ற லெனாபே நாடுகள் இன்று அந்த ஆற்றங்கரையில் இல்லை: டெலவேர் நேஷனும் டெலவேர் ட்ரைப் ஆஃப் இண்டியன்ஸும் ஓக்லஹோமாவில், ஸ்டாக்பிரிட்ஜ்-மன்ஸி விஸ்கான்சினில். மூன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பொருளின் படம், அளவு, யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற பதிவேட்டுப் பக்கம் மூன்றையும் இணையுங்கள். பதில் வரும்வரை பொருள் அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும்.