காது குத்துவதும் கடை நடத்துவதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கம்மல் விற்று, காதும் குத்தும் கடையின் முகப்பைப் பற்றியவை. காது குத்தும், கருவிகளைச் சுத்தம் செய்யும் பின்னறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே கேட்காமலே சொல்லப்போகிறேன்.

பாண்டி பஜாரா, அண்ணா நகரா? எங்கே கடை போடலாம்? (குரோம்பேட்டை வாசகி)

வாடகை கட்டுப்படியாகும் இடத்தில். காது குத்த வருகிறவர்கள் விசாரித்துத் தேடித்தான் வருவார்கள். மாடியானாலும் பரவாயில்லை, லிஃப்ட் இருக்கட்டும்; கைக்குழந்தையோடு பாட்டியும் வருவார்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? (பெயர், ஊர் இல்லை)

எத்தனை சதுர அடி, தங்கமா வெள்ளியா, எத்தனை ஊழியர்கள்? ஒன்றும் எழுதாமல் தொகை மட்டும் கேட்டால் நான் என்ன ஜோசியரா? முகப்பு விளக்குகளுக்கு ஒதுக்கியதைவிட கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு ஒதுக்கியது குறைவென்றால், கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

காது குத்தும் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது. வலியே இல்லை என்கிறார்கள். வாங்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

வாங்காதீர்கள். எத்தனை முறை எழுதுவது! ஊசி தோலை வெட்டிக்கொண்டு போகிறது. துப்பாக்கியோ கம்மலின் மழுங்கிய முனையை ஸ்பிரிங் வேகத்தில் இடித்து நுழைக்கிறது. காதின் கீழே தொங்கும் மென்மையான மடல் பொறுத்துக்கொள்ளும். மேல்காதின் குருத்தெலும்பு நசுங்கும். அதற்குத் தனி ரத்த ஓட்டம் கிடையாது, சீழ் பிடித்தால் காதின் வடிவமே போய்விடும்.

துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடம்பு ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியைத் தாங்காது. ஆகவே ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, உடனே அடுத்தவர் காது. துடைத்தால் பளபளக்கும், அவ்வளவுதான். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்.

இவ்வளவு பேசும் நானும் என் முதல் கடையில் இரண்டு ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவள்தான். மேல்காதில் குத்திக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண் நான்காம் நாள் வந்தாள். காது தக்காளியாகச் சிவந்து, கம்மலின் தலை வீக்கத்துக்குள் பாதி புதைந்திருந்தது. நானே அவளைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். திரும்பி வந்ததும் துப்பாக்கி குப்பைக்குப் போனது. கூர் தீட்டிய தங்கக் கம்பியால் குத்திய நம் பத்தர்கள்கூட இதைவிட மேல்.

ஒருவருக்கு ஒரு ஊசி. குத்தியதும் அது துளைபடாத டப்பாவுக்குள் போகவேண்டும். ஆட்டோகிளேவ் ஓட்டிய தேதியும் நேரமும் ஏட்டில் ஏறவேண்டும். ஏடு இல்லாத கடையில் என் பேத்திக்குக் காது குத்த மாட்டேன்.

சர்ஜிக்கல் ஸ்டீல் என்றால் ஒவ்வாமை வராதுதானே?

வரும். சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கும் 316எல் எஃகில் ஒவ்வாமை தரும் நிக்கல் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. புதுத் துளைக்கு உடலுக்குள் பொருத்துவதற்கான ஏஎஸ்டிஎம் எஃப்136 தர டைட்டானியம் வாங்குங்கள். சான்றிதழ் எண்ணையும் ஏட்டில் எழுதுங்கள்.

ஒரு கிராம் கம்மலுக்கு ஹால்மார்க் வேண்டுமா? (தாம்பரம் வாசகர்)

2 கிராமுக்குக் கீழே கட்டாயமில்லை. அதற்காக 18 காரட்டை 22 என்று விற்காதீர்கள். 18 காரட்டின் முத்திரை எண்ணான 750 என்றால் பில்லிலும் 750 என்றே இருக்கட்டும்.

மேல்காதில் குத்திய வாடிக்கையாளர் ஆறு வாரத்தில் வளையம் மாற்றக் கேட்கிறார்.

மாற்றாதீர்கள். மடலுக்கு ஆறு வாரம். குருத்தெலும்புக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்; சலைன் என்கிற உப்புநீர் போதும்.

பயிற்சி கொடுத்த பெண்கள் ஆறே மாதத்தில் போய்விடுகிறார்கள். (புரசைவாக்கம் வாசகி)

அவர்கள் உட்கார நாற்காலி போட்டிருக்கிறீர்களா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. நாளெல்லாம் நின்று களைத்த கையில் ஊசியைக் கொடுப்பது சட்டத்தை மீறுவதைவிட ஆபத்து.

தாய்மாமன் மடி, தட்டு வரிசை எல்லாம் நவீனக் கடைக்குச் சரிப்படுமா?

தாராளமாக. மாமனுக்கு அகலமான நாற்காலி போடுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை முதலில் பாருங்கள். இரண்டு காதையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் குத்தட்டும். ஒவ்வொன்றாகக் குத்தினால், முதல் அழுகைக்கே மாமன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.