உருட்டும் தகட்டில் துளை: வளைத்து வெட்டுவதா, விரித்து வெட்டுவதா?

மார்த்தாண்டத்தில் தேன் எடுக்கும் மிஷின் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டிரம் 450 மி.மீ. உள்விட்டம், 1.5 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு. சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் தேன் இறங்கும் குழாய்க்கு 50 மி.மீ. வட்டம் வெட்டினேன். தகட்டை விரித்தால் வட்டம் கொஞ்சம் நீள்கிறது. மேல் விளிம்பில் 12 போல்ட் துளையும் வேண்டும். லேசரில் வெட்ட எப்படிக் கொடுப்பது?"

நீள்வது சரிதான். நேராகப் போகும் குழாய் வளைந்த சுவரைத் துளைக்கும்போது, சுவரோடு ஒட்டி அளந்தால் அகலம் கூடத்தான் செய்யும். உங்கள் டிரம்மில் அது 50.1 மி.மீ.தான், வட்டமாகவே வெட்டுங்கள், வெல்டிங்கில் மறைந்துவிடும். ஆனால் 300 மி.மீ. புகைபோக்கியில் 150 மி.மீ. கிளைக்குழாய் என்றால் விரித்த தகட்டில் 157 வரும். அங்கே வட்டம் போட்டால் குழாய் உள்ளே போகாது.

ஆகவே, துளைக்குள் நேரான குழாய் நுழைகிறதென்றால் மென்பொருளில் உருண்ட வடிவத்திலேயே வெட்டுங்கள். அப்போது 'நார்மல் கட்' (தகட்டுக்குச் செங்குத்தாக வெட்டுவது) டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் துளையின் சுவர் சாய்ந்து, விரித்த படத்தில் இரண்டு கோடு தெரியும். லேசர்காரர் எதை வெட்டுவார்?

போல்ட் துளை, சல்லடைத் துளை எல்லாம் 'அன்ஃபோல்ட்' செய்து (விரித்து), வெட்டி, 'ஃபோல்ட்' செய்வதுதான் (திரும்பச் சுருட்டுவதுதான்) சுலபம். டிரம்மை முழு வட்டமாக வரைந்தால் மென்பொருள் விரிக்காது. அரை மி.மீ. இடைவெளி விட்டு வில்லாக வரையுங்கள். விரிக்கும்போது அந்த இடைவெளியின் நேர் விளிம்பை நிலையானதாகத் தேர்ந்தெடுங்கள். இதுபோன்ற பெரிய ஆரத்துக்கு கே-ஃபேக்டர் 0.5 வைக்கலாம்; அதாவது, வளைக்கும்போது நீளம் மாறாத கோடு தகட்டுத் தடிமனின் நடுவில் இருப்பதாகக் கணக்கு.

போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளிவிட்டத்தை எடுத்தால் சுற்றளவு 1423 மி.மீ.; தகட்டின் நடுக்கோட்டில் 1418.4. நடுக்கோட்டு அளவைப் பன்னிரண்டாக வகுத்தால் 118.2. வெளிவிட்டக் கணக்கில் போனால் கடைசித் துளைக்கும் முதல் துளைக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 மி.மீ. குறையும், மூடி பொருந்தாது.

அப்புறம், உருட்டும்போது தகட்டின் இரு முனையும் சிறிது தூரம் நேராகவே நிற்கும். முனையை முன்கூட்டியே வளைத்துத் தருவார்களா என்று நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் உருட்டக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் தேன் குழாயை, தகட்டின் இரு முனையும் சேரும் மூட்டுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். பெரிய துளை என்றால் முழுக்க வெட்டிவிடாமல் மூன்று நான்கு இடத்தில் சின்ன இணைப்பு விட்டு, உருட்டிய பிறகு தட்டி எடுக்கலாம், துளையோரம் மடங்காது.