இங்கிலாந்துக் கிராமப் பாதைகளில் மவுண்டன் பைக் (கரடுமுரடான பாதைக்கான சைக்கிள்) ஓட்டுபவர்களோடு மற்றவர்களுக்கு ஏன் தகராறு வருகிறது?

பிரைடில்வே என்றால் நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள், சைக்கிள்காரர்கள் மூவரும் போகலாம் என்று சட்டம் அனுமதிக்கும் பாதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைக்கிளுக்கு இந்த உரிமை 1968-இல்தான் வந்தது, அதுவும் மற்ற இருவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மவுண்டன் பைக் அப்போது சந்தையிலேயே கிடையாது.

சண்டைக்கு மூலகாரணம் வேக வித்தியாசமும் சத்தமில்லாமல் வருவதும்தான். குறுகலான தெருவில் நடக்கும்போது எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று பின்னாலிருந்து உரசுகிற மாதிரி தாண்டினால் எப்படித் திடுக்கிடும், அதேதான். இடிக்கவில்லையே என்று ஓட்டியவர் நினைப்பார், நடந்தவருக்குப் படபடப்பு அடங்க நேரமாகும். குதிரை என்றால் இன்னும் மோசம். வேட்டையாடும் விலங்குகளிடமிருந்து ஓடித் தப்பியே பழகிய இனம் அது, பின்னால் திடீரென எது வந்தாலும் பாயத்தான் பார்க்கும், மேலே இருப்பவர் விழுந்துவிடலாம். அதனால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஒரு ஹலோ சொல்லுங்கள்: குரல் கேட்டால் வருவது மனிதன்தான் என்று குதிரைக்குப் புரியும். இதைச் செய்தாலே பாதித் தகராறு வராது என்பேன்.

அப்புறம், நடப்பவர்களுக்கு மட்டுமான வயல்வழிப் பாதையில் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் கைது செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அது குற்றமல்ல, நில உரிமையாளர் சிவில் வழக்குப் போடக்கூடிய அத்துமீறல்.