மாரிப் பாலும் கச்சான் காலத்துச் சீஸும்

அன்புள்ள அக்கா,

கட்டாரில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டுப் போன மாதம் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்துக்கே திரும்பிவிட்டேன். வீட்டு வளவு அரை ஏக்கர். ஐந்து ஜேர்சிக் கலப்புப் பசு வாங்கி, பாலைச் சீஸாக்கி நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்குக் கொடுக்க யோசனை. தயிர்தான் எல்லோரும் போடுகிறார்களே. நீங்கள் வீட்டில் சீஸ் செய்வதாக எழுதியிருந்தீர்கள். எனக்குச் சரிவருமா? இன்னொன்று, பாலை உறைய வைக்கும் ரெனட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதாம். அம்மா அறிந்தால் அடுப்படிக்குள்ளேயே விடமாட்டா.

— பெயர் வேண்டாம், தம்பலகாமம்

அன்புள்ள தம்பி,

சரிவரும், ஐந்து மாட்டோடு அல்ல. 350 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளுக்கு 35 கிலோ பச்சைப்புல் வேண்டும். ஐந்துக்கு 175 கிலோ. அதை வெட்டிக் கட்டிச் சுமந்து வரப்போவது யார்? வேளாண்மை வெட்டின வயலில் மேயவிடலாம் என்பீர்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் ஊர். இரண்டு போகமும் விதைக்கிற இடத்தில் வயல் சும்மா கிடப்பது எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். வீடு, கொட்டில், கிணறு போக மிஞ்சும் நிலத்தில் இப்போதே சீஓ-3 தீவனப் புல்லை நடுங்கள். வேலியெல்லாம் சீமைக்கிளுவை, அதன் குழையும் மாட்டுக்குத்தான். புல் இடுப்பளவு வந்த பிறகு, கன்று ஈன்ற பசு ஒன்று, சினைப்பசு ஒன்று என்று இரண்டை வாங்குங்கள். ஒன்றில் பால் வற்றும்போது மற்றது கறக்கும்.

தயிரை இளக்காரமாகப் பேசாதீர்கள். பத்து லீற்றர் பாலைத் தோய்த்தால் பத்து லீற்றரும் சட்டியில் நிற்கும். அதே பாலைச் சீஸாக்கினால் கையில் வருவது ஒரு கிலோவோ கொஞ்சம் கூடவோதான். மற்றதெல்லாம் மஞ்சள் தண்ணியாக வடிந்துவிடும். (அதைத் தவிட்டில் கலந்து வைத்தால் மாடு உறிஞ்சிக் குடிக்கும்.) கிண்ணியாத் தயிர்க்காரர் சீஸ் பக்கம் திரும்பிப் பார்க்காதது தெரியாமல் அல்ல, கணக்குத் தெரிந்துதான்.

பிறகு ஏன் நான் சீஸ் செய்கிறேன்? மாரி மழைக்குப் புல் தழைத்துத் தை, மாசியில் பால் பொங்கும்; அப்போது ஹோட்டல்கள் ஈ ஓட்டும். வெள்ளைக்காரர் வந்து நிறையும் ஆனி, ஆடியில் வறண்ட கச்சான் காற்று அடித்துப் புல் கருகி, மடி சுருங்கிவிடும். வாங்குகிற ஆள் இருக்கும்போது பால் இல்லை. தையில் கறந்ததை ஆடிவரைக்கும் தயிர் தாங்காது, சீஸ் தாங்கும். ஆகவே தினப் பாலைத் தயிராக்கி விற்றுவிட்டு, மாரியில் மிஞ்சுவதை மட்டும் சீஸாக்குங்கள்.

எந்தச் சீஸ்? மாதக்கணக்கில் அறையில் வைத்து முதிரவிடுகிற வகைக்கு 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை குளிர் வேண்டும். எங்கள் ஊரில் அதற்குத் தனிக் குளிரறை கட்டவேண்டும். உப்புத் தண்ணியில் ஊறுகிற வகையைப் பிடியுங்கள். சைப்பிரஸ் தீவுக்காரரின் ஹலூமி அப்படிப்பட்டது. பாலை 63 பாகையில் அரை மணி நேரம் வைத்து, 33க்கு ஆறவிட்டு, ரெனட் போட்டு மூடி வைத்தால் முக்கால் மணியில் உறையும். கத்தியால் சிறு துண்டுகளாக வெட்டி, மெல்லச் சூடாக்கி, துணியில் வடித்து, கல் வைத்து அமுக்க வேண்டும். வடிந்த தண்ணியைக் கொதிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து கட்டிகளைப் போட்டால் அடியில் கிடப்பவை சற்று நேரத்தில் மிதந்து வரும். அதே தண்ணியில் லீற்றருக்கு 100 கிராம் உப்புக் கரைத்து, ஆறியதும் கட்டிகளை அமிழ்த்திக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பொரித்தால் உருகாது, பல்லில் கீச்சிடும். என் வீட்டில் அதற்குப் பெயர் றப்பர்.

முதல் முறை எனக்கு உறையவே இல்லை. 12 லீற்றர் பால். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அகப்பை போட்டால் பால் பாலாகவே ஓடியது. பிழை என்னுடையதுதான், அதுவும் இரண்டு. பயத்தில் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சியிருந்தேன். காய்ச்சின பாலுக்கு ரெனட் சரியாகப் பிடிக்காது. ரெனட்டைக் குழாய்த் தண்ணியில் கரைத்திருந்தேன். குளோரின் அதைக் கெடுத்துவிடும். காய்ச்சி ஆறின கிணற்றுத் தண்ணி போதும். கடைசியில் எலுமிச்சம்புளி பிழிந்து எல்லாவற்றையும் பனீராக்கினேன். மூன்று நாள் கறி.

அதனால் மாடு வாங்குமுன் பக்கத்துப் பட்டியில் ஐந்து லீற்றர் பால் வாங்கிச் செய்து பாருங்கள். எருமைப் பால் கிடைத்தால் இன்னும் நல்லது, கொழுப்புக் கூட. கன்று ஈன்ற முதல் நாட்களின் கடும்புப் பாலைச் சேர்க்க வேண்டாம். சூடு பட்டதுமே திரண்டுவிடும். அது முதலில் கன்றுக்கு, மிஞ்சினால் சர்க்கரை போட்டு உங்களுக்கு.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் இன்றைக்கும் இருக்கிறது. பூஞ்சணத்திலிருந்து எடுப்பதும் இருக்கிறது, வேலை ஒன்றுதான். வாங்கும்போது போத்தலில் எழுதியிருப்பதைப் படித்து அந்தப் பூஞ்சண வகையையே வாங்குங்கள். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டு அடுப்பை மூட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா